‘எனக்கு வேணும்’: தமிழ் படிக்க வந்தவங்களும் சொல்லிக் கொடுத்தவங்களும்

எங்க அக்கா பொண்ணு ஸ்பானிஷ் படிக்கப் போயிருக்கா. ஸ்பெயின்ல சாலமாங்கான்னு ஒரு ஊர். 1218ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். ஹாஸ்டல் எல்லாம் கிடையாது, ஒரு குடும்பத்தோட தங்கிப் படிக்கணும். வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயசு இருக்குமாம். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. நம்ம புள்ளைக்கோ ஸ்பானிஷ்ல ‘ஓலா’வும் ‘கிராசியாஸ்’ஸும் மட்டும்தான்.

முதல் நாள் ராத்திரி கிளியூருக்கு வாட்ஸப்புல கூப்பிட்டா. "மாமா, பசிக்குது மாமா!" அங்க மணி எட்டு. ராச்சாப்பாடு ஒம்பதரைக்கு முன்னாடி கிடையாதாம். நம்ம ஊர்ல ஏழரைக்கு இட்லியை முழுங்கிட்டுப் படுக்குற புள்ளை. சரி, பசிக்குதுன்னு சொல்லிடலாம்னா சொல்லத் தெரியலை. அந்தம்மா வேற ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ‘பாலே, பாலே’ங்கிறாங்களாம். பால் வேணுமான்னுதான் கேக்குறாங்கன்னு நெனச்சு இவ வேகமா தலையாட்டியிருக்கா. பாலும் வரலை, ஒண்ணும் வரலை. ‘பாலே’ன்னா ‘சரி’ன்னு அர்த்தமாம். எழுதுறப்போ ‘வ’ போட்டு எழுதுவாங்க, வாயில வர்றது ‘ப’. மூணாம் நாள்தான் வகுப்புல தெரிஞ்சிருக்கு.

நாலாம் நாள் வேற குரல். "மாமா, இங்கயும் மேசைக்கு மேசாதான்!" ஆச்சரியமே இல்லை. நாம சொல்ற மேசை, ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போனது. போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் பங்காளி மொழிங்க. அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ கேட்ட கேள்விதான் இந்தப் பதிவு. "ஸ்பெயின்லேர்ந்து யாராவது இதே மாதிரி நம்ம ஊருக்கு வந்து தமிழ் படிச்சிருக்காங்களா மாமா?"

வந்திருக்கார். சாதாரண ஆளும் இல்லை, பிரான்சிஸ் சவேரியார்.

அவர் 1506ல பிறந்தது நவார்ரா நாட்டுல. இன்னிக்கு அது ஸ்பெயினோட வடக்குப் பகுதி. தாய்மொழி ஸ்பானிஷ் கூட இல்லை, பாஸ்க். ஐரோப்பாவுல வேற எந்த மொழியோடவும் ஒட்டு உறவு இல்லாத மொழி அது. பாரிஸ்ல படிச்சவர், 1542 மே மாசம் கோவாவுல வந்து இறங்கினார். அதே வருஷக் கடைசியில முத்துக்குளித்துறைக்கு வந்துட்டார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடின்னு நீளுற கரை அது. அங்கிருந்த பரதவர்கள் ஏழெட்டு வருஷம் முன்னாடியே கூட்டமா ஞானஸ்நானம் வாங்கியிருந்தாங்க. ஆனா அவங்களுக்கு ஜெபம் சொல்லித்தர மொழி தெரிஞ்ச ஆள் யாரும் இல்லை. கோவாவுல படிச்சுக்கிட்டிருந்த, இந்தக் கரையிலேயே பிறந்த மூணு பையன்களைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு வந்தார் சவேரியார்.

(மதம் மாத்தினது சரியா தப்பாங்கிற சண்டையை நான் இங்க தொடப்போறதில்லை. அதுக்கு வேற இடம் இருக்கு. எனக்கு இதுல ஆர்வம் எல்லாம், மொழி தெரியாத ஒரு ஆள் ஒரு ஊர்ல போய் இறங்கின முதல் நாட்கள் எப்படி இருந்துச்சுங்கிறதுல மட்டும்தான்.)

அவர் எழுதின கடுதாசிகள் இன்னும் இருக்கு. 1544 ஜனவரியில கொச்சியிலேர்ந்து ரோமுக்கு எழுதினதுல வெளிப்படையா சொல்றார்: அவங்க பேசுறது எனக்குப் புரியலை, நான் பேசுறது அவங்களுக்குப் புரியலை, அவங்க மொழி மலபார், என் மொழி பாஸ்க், அப்படின்னு. (மலபார்னா மலையாளம்னு நினைச்சுடாதீங்க. அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழையும் மலபார்னுதான் எழுதுவாங்க. எங்க மலையில ‘மலையாளி’ன்னு சொல்லப்படுற பழங்குடி மக்கள் வீட்டுல பேசுறதும் தமிழ்தான், பூர்வீகம் காஞ்சிபுரம்னு சொல்வாங்க. கீழேர்ந்து வர்றவங்க கேரளாவான்னு கேக்குறது இன்னிக்கும் நிக்கலை.)

இப்படி மாட்டிக்கிட்ட மனுஷன் என்ன பண்ணினார்? ரெண்டு மொழியும் ஓரளவு தெரிஞ்சவங்களைத் தேடிப்பிடிச்சு உக்கார வெச்சார். பல நாள் கூடிக்கூடி, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளை, ஜெபங்கள்னு ஒண்ணொண்ணா தமிழாக்க வெச்சார். அதை நெட்டுருப் போட்டார். அப்புறம் கையில மணியை எடுத்துக்கிட்டு தெருத்தெருவா அடிச்சு, பசங்களையும் பெரியவங்களையும் கூட்டி, தான் மனப்பாடம் பண்ணினதைச் சொல்லிக் கொடுத்தார். அதாவது, தமிழ் தெரியாத வாத்தியார் தமிழ்ப் பிள்ளைங்களுக்குத் தமிழ்ல பாடம் நடத்தினார்! பிள்ளைங்க விட்டா இல்ல, புதுசா ஒரு ஜெபம் சொல்லித்தந்தாத்தான் தின்னவும் தூங்கவும் விட்டாங்கன்னு எழுதுறார். அந்த மொழியில திரும்பத் திரும்ப ஒப்பிச்சு ஒப்பிச்சுத் தொண்டையே போயிடுதுன்னும் எழுதுறார்.

அந்த மொழிபெயர்ப்புல ஒரு ஓட்டை. 1544ல கூட்டாளி மான்சிலாசுக்கு எழுதின கடுதாசியில அவரே திருத்துறார். விசுவாச அறிக்கையில ‘நம்புகிறேன்’னு வரவேண்டிய இடத்துல ‘எனக்கு வேணும்’னு வந்திருக்கு. இனிமே அப்படிச் சொல்லாதீங்க, ‘வேணும்’னா ஆசைப்படறேன்னு அர்த்தம், ‘விசுவாசம்’ங்கிற சொல்லைப் போடுங்கன்னு எழுதுறார். வலுக்கட்டாயத்தால என்ற அர்த்தம் வர்ற இன்னொரு சொல்லும் தப்பான இடத்துல இருக்கு, எடுத்துடுங்க, கிறிஸ்து தானா மனசார ஏத்துக்கிட்டவர்னும் சொல்றார்.

இதைப் படிச்சப்போ முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அந்த மொழிபெயர்ப்புக் கூட்டத்துல உக்காந்திருந்தவங்க யாரு? புலவருங்க இல்லை. முத்து வியாபாரத்துலயும் கப்பல்லயும் போர்ச்சுகீசியரோட பேசிப்பழகி நாலு வார்த்தை கத்துக்கிட்டவங்க. சந்தையில முதல்ல படியுற வார்த்தை என்ன? வேணும், வேண்டாம், எவ்வளவு. இவ்வளவுதானே. அவங்க கையில இருந்த நல்ல வார்த்தையைத்தான் கொடுத்திருக்காங்க. இது என் ஊகம்தான். ஆனா அக்கா பொண்ணுகிட்ட சொன்னப்போ அவ இன்னொண்ணு சொன்னா: ஸ்பானிஷ்ல ‘கியேரோ’ன்னா ‘வேணும்’னும் அர்த்தம், ‘அன்பு வெச்சிருக்கேன்’னும் அர்த்தமாம். வீட்டுக்காரம்மா அவங்க பேத்தியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ‘தே கியேரோ’ங்கிறாங்களாம். நேரா தமிழாக்கினா ‘நீ எனக்கு வேணும்’. மோசமில்லையே!

இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கவே சவேரியாருக்கு வேற யாராவது ஒருத்தர் தேவைப்பட்டிருக்கும். துபாசி ஒருத்தருக்கு மணப்பாட்டுல உடம்பு முடியாமப் போனப்போ இவர் தனியா மாட்டிக்கிட்டதையும் அதே மான்சிலாசுக்கு எழுதியிருக்கார். 1545ல மலாக்காவுக்குக் கிளம்பிட்டார். தமிழ் அவருக்குக் கடைசி வரைக்கும் நெட்டுருதான்.

அவருக்குப் பின்னாடி வந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் வேற ரகம். போர்ச்சுகீசியர், 1546ல கோவா, அடுத்த வருஷம் நம்ம கரை. இவர் துபாசியை விட்டுட்டு தானே பேசிப்பழகினார், தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதினார். அந்தக் கையெழுத்துப்படி இன்னிக்கும் லிஸ்பன் நூலகத்துல இருக்கு. 1578ல கொல்லத்துல அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இவருடையது. இந்திய மொழி ஒண்ணுல, அதோட சொந்த எழுத்துல இந்தியாவுல அச்சான முதல் புத்தகம், வெறும் பதினாறு பக்கம். இதையெல்லாம் நிறையப் பேர் எழுதிட்டாங்க, நான் நீட்டலை. மதுரைக்கு 1606ல வந்த ராபர்ட் தே நோபிலி பத்தியும் அப்படியே. ஒண்ணு மட்டும்: அவருக்கு ஆரம்பத்துல தமிழ் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

வாத்தியார்னதும் தரங்கம்பாடி ஞாபகம் வருது. நான் அதிகமா நிக்க ஆசைப்படுற இடமும் அதுதான்.

1706 ஜூலை 9. சோபியா ஹெட்விக்ங்கிற கப்பல்ல, டென்மார்க் ராஜா நாலாம் பிரடரிக் அனுப்பின ரெண்டு ஜெர்மன்காரங்க தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தாங்க. ஒருத்தர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, இன்னொருத்தர் ஹென்ரிக் புளுட்சாவ். சீகன்பால்குக்கு அடுத்த நாள்தான் இருபத்துநாலு வயசு முடியுது. அந்த ஊர் 1620லேர்ந்து டேனிஷ்காரங்க கையில. ராஜாவே அனுப்பின ஆளுங்களுக்கு மாலை மரியாதை நடந்திருக்கும்னு நினைக்கிறீங்களா? கோட்டைத் தலைவர் ஹாசியசுக்கு இவங்களைக் கண்டாலே ஆகலை. வியாபாரத்துக்குத் தொந்தரவுன்னு நினைச்சார். வந்தவங்களைப் பட்டப்பகல்ல வெளியில காக்க வெச்சார், அப்புறம் அம்போன்னு விட்டுட்டுப் போனார். கம்பெனி ஆள் ஒருத்தர் இரக்கப்பட்டு தங்க இடம் ஏற்பாடு பண்ணினார்.

அகராதி கிடையாது, அச்சடிச்ச இலக்கணப் புத்தகம் கிடையாது. ஊர்ல வியாபாரத்துக்குப் புழங்கினது ஒரு மாதிரி உடைஞ்ச போர்ச்சுகீஸ். அதை ரெண்டு பேரும் படிச்சாங்க. தமிழை சீகன்பால்கு பிடிச்சுக்கிட்டார்.

எப்படி? ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடிச்சார். வாத்தியாருக்கு எழுபது வயசு. பள்ளிக்கூடத்தை அப்படியே நம்ம வீட்டுக்குக் கொண்டாந்துடுங்கன்னு கேட்டார். அவரும் பிள்ளைகளோட வந்துட்டார். ஜெர்மனியில பல்கலைக்கழகத்துல இறையியல் படிச்ச பாதிரியார், ஆறு வயசு ஏழு வயசுப் பசங்களோட தரையில சம்மணம் போட்டு உக்காந்து, மணலைப் பரப்பி, விரலால அ, ஆ எழுதினார்.

இந்தக் காட்சியை கொஞ்சம் நிதானமா நெனச்சுப் பாருங்க. நம்ம தாத்தா காலம் வரைக்கும் இதுதான் பள்ளிக்கூடம். வாத்தியார் எழுத்தைச் சொல்வார், பசங்க கோரஸா கத்திக்கிட்டே மணல்ல எழுதுவாங்க. வாய், காது, விரல் மூணும் ஒண்ணா வேலை செய்யும். அப்புறம்தான் ஓலை, எழுத்தாணி. அந்த விரல் தேயுற பயிற்சியில எழுத்து ஒரு ஜென்மத்துக்கும் மறக்காது. ஆனா ஒரு சங்கடம். வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேற மொழி தெரியாது. அதனால சீகன்பால்குக்கு எழுதவும் படிக்கவும் வந்துச்சு, படிச்சதுக்கு அர்த்தம் தெரியலை! ஓலையில எழுதினதைக் கடகடன்னு படிப்பார், என்ன படிச்சோம்னு தெரியாது. வாய் படிக்குது, மனசு வெளியில நிக்குது.

இங்கதான் அழகப்பன் வர்றார். ஐரோப்பிய ஆவணங்கள்ல ‘அலெப்பா’. டேனிஷ் கம்பெனியில துபாசியா இருந்தவர். போர்ச்சுகீஸ், டேனிஷ், ஜெர்மன், டச்சுன்னு நாலு ஐரோப்பிய மொழி அவருக்குப் பழக்கம். இதை எங்க எந்தப் பல்கலைக்கழகத்துல படிச்சார்? துறைமுகத்துல, காதால. சீகன்பால்குக்கு வாசல் திறந்துவிட்டது அவர்தான். வாத்தியார் கொடுத்த எழுத்துக்கு அர்த்தம் ஊத்தினவர். எட்டு மாசத்துல சீகன்பால்கு பேசவும் எழுதவும் ஆரம்பிச்சுட்டார்னு எல்லாரும் மெச்சுவாங்க. மெச்சலாம். தினமும் வீட்டுக்கு வந்து உக்காந்த அந்த ரெண்டு பேரையும் சேர்த்து மெச்சணும்.

அவரோட அன்றாட அட்டவணையை அவரே எழுதியிருக்கார். காலையில ஏழிலிருந்து எட்டு, முன்னாடி எழுதிவெச்ச சொற்களைத் திருப்பிப் பார்க்கிறது. எட்டிலிருந்து பன்னெண்டு, தமிழ்ச் சுவடிகளை மட்டும் படிக்கிறது. ஒரு வயசான புலவர் பக்கத்துல உக்காந்து விளக்குவார், எழுத்தர் ஒருத்தர் புதுச் சொல்லை எல்லாம் குறிச்சுக்கிட்டே வருவார். சாப்பிடறப்பவும் யாராவது படிச்சுக்காட்டணும். சாயங்காலம் மறுபடி படிப்பு. விளக்கு வெளிச்சத்துல கண்ணுக்கு ஆகாதுங்கிறதால ராத்திரி மத்தவங்க படிக்க இவர் கேப்பார். 1708க்குள்ள நூத்துக்கும் மேலான தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொண்ணுக்கும் குறிப்போட பட்டியல் போட்டுட்டார். எப்படிச் சேர்த்தார்னா, எழுத்தர்களை நாலா பக்கமும் பல நாள் நடையில அனுப்பி, இறந்துபோன பிராமணர்களோட விதவைகள்கிட்ட சுவடிகளைக் குறைஞ்ச விலைக்கு வாங்கிட்டு வரச்சொன்னார். இந்த வரி எனக்கு உறுத்தும். புருஷன் போன வீட்டுல சுவடிக்கட்டை எடுத்துக் கொடுத்து காசு வாங்கின அந்தம்மாக்களுக்கு அடுத்த வேளைச் சோறு முக்கியமா இருந்திருக்கும். அது வழியாத்தான் அந்தப் பட்டியல் உண்டாச்சு.

அதுல உள்ளதை எல்லாம் அவர் ஒத்துக்கிட்டார்னு இல்லை. அவர் வந்த வேலையே வேற. ஆனாலும் படிச்சதை மதிச்சார். தமிழ்க்காரங்க காட்டுமிராண்டிங்கன்னு ஐரோப்பாவுல நினைக்கிறாங்க, அவங்க மொழி தெரியாததால வந்த நினைப்பு அதுங்கிற தொனியில எழுதினார். மணல்ல விரல் தேய்ச்சவர்கிட்டேர்ந்துதான் இது வரும்னு எனக்குத் தோணும்.

ஏன்னா இதுக்கு நேர் எதிரான தமிழ்ப் பாடம் ஒண்ணு இருக்கு. அதுக்கு தரங்கம்பாடி வரைக்கும் போகவேண்டாம், எங்க மலையிலேயே வாசம் அடிக்கும்.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820கள்ல. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டாந்தார்னு ஏற்காட்டுல குழந்தையும் சொல்லும். பின்னாடியே துரைமார் வந்தாங்க, எஸ்டேட் வந்துச்சு. சேர்வராயன்ங்கிற சாமி பேரு ‘ஷெவராய்’ ஆச்சு, ஏரிக்காடு அவங்க எழுத்துல வேற என்னமோ ஆச்சு. தோட்டத்துல வேலை வாங்கத் தமிழ் தெரியணும். எவ்வளவு தமிழ்? அதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. கடல் தாண்டி இலங்கையில, 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில, புதுசா வர்ற இளம் துரைமாருக்காக கொழும்புல ஒரு கையடக்கப் புத்தகம் போட்டாங்க. பேரு ‘இங்கே வா’. ஆமாங்க, தலைப்பே அதுதான். சின்ன துரையின் கையடக்கத் தமிழ் வழிகாட்டி. பின்னாடி 1915ல ‘கூலித் தமிழ்’னே பேர் வெச்சு இன்னொண்ணு வந்துச்சு.

தலைப்பே எல்லாத்தையும் சொல்லிடுது பாருங்க. கேள்வி கேக்கிறதுக்கான தமிழ் இல்லை. வா, போ, வெட்டு, தூக்கு, சீக்கிரம். ‘வாங்க’வே தேவைப்படாத தமிழ். நம்ம மொழியில மரியாதைங்கிறது வினையோட வால்ல இருக்கு. அந்த வாலை வெட்டிட்டுப் படிச்சா பாதி நாள்ல படிச்சுடலாம். சீகன்பால்கும் சின்ன துரையும் கத்துக்கிட்டது ஒரே மொழியான்னே எனக்கு சந்தேகம். ஒருத்தர் வாத்தியாருக்கு முன்னால தரையில உக்காந்தார், இன்னொருத்தர் குதிரை மேல உக்காந்தபடி கத்துக்கிட்டார்.

இதுல ஒரு வேடிக்கை. தோட்டத்துல ஆளுங்களை மேய்க்கிறவரை நாங்க ‘மேஸ்திரி’ம்போம். இன்னிக்குக் கட்டட வேலையிலயும் அதே பேருதான். அது போர்ச்சுகீஸ் ‘மெஸ்த்ரே’. அர்த்தம்: தேர்ந்தவர், ஆசிரியர். ஸ்பானிஷ்ல ‘மாயெஸ்த்ரோ’, அங்க பள்ளிக்கூட வாத்தியாருக்கு அதான் பேரு. அக்கா பொண்ணு தன் வாத்தியாரை மேஸ்திரின்னு கூப்பிடறா, எங்க வீட்டுல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம் :-)

சரி, ஒரு குடும்பத்தோட தங்கி மொழி படிக்கிறது தமிழுக்கு இப்பவும் நடக்குது. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் மதுரையில தமிழ் வகுப்பு நடத்துது. அமெரிக்க மாணவர்கள் மதுரைக் குடும்பங்களோட தங்கிப் படிக்கிற வழக்கம் பல வருஷமா உண்டு. அந்த வீடுகள்ல முதல் வாரம் எப்படி இருக்கும்னு யாருக்கும் சொல்லவேண்டாம். ‘போதும்’ங்கிற வார்த்தையைத்தான் அந்தப் பிள்ளைங்க முதல்ல படிப்பாங்க. அதைச் சொன்னாலும் இன்னும் ஒரு தோசை விழும். எங்க ஏற்காட்டுலயும் தெருவுக்கு நாலு ஹோம்ஸ்டே போர்டு தொங்குது, ஆனா சாவியைக் கொடுத்துட்டு வீட்டுக்காரர் சேலத்துக்கு இறங்கிடுவார். யாரோட தங்குறதுன்னு தெரியலை!

திரும்பவும் தரங்கம்பாடி. சொல்லிக் கொடுத்தவங்களுக்கு என்ன ஆச்சுங்கிறது பாக்கி.

வாத்தியாரோட பையன் கணபதி வாத்தியார், இளம் புலவர். அவரும் சீகன்பால்கு வீட்டுக்கு வந்து போய், கடைசியில 1709ல ஞானஸ்நானம் வாங்கிட்டார். பெத்தவங்க விடாம எதிர்த்தாங்க. ஒரு வயசான மனுஷன் வெள்ளைக்காரப் பையனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கப் போனார், தன் பையன் வீட்டைவிட்டுப் போறதைப் பார்த்தார். பாடம் சொல்லிக் கொடுத்த கணக்குல இதையும் எழுதணும்.

அழகப்பனுக்கு இன்னும் மோசம். ரெண்டு வருஷம் போலக் கூட இருந்தவரைத் தரங்கம்பாடியை விட்டே வெளியேத்தினாங்க. தஞ்சாவூர் சீமைக்குப் போனா, அங்க ராஜாவோட ஆளுங்க பிடிச்சு விலங்கு மாட்டினாங்க. சீகன்பால்கு எழுதிவெச்சபடி, குற்றம் என்னன்னா, தன் ஜனங்களோட நூல்களையும் வழக்கங்களையும் வெளியாளுக்குக் காட்டிக்கொடுத்தது. அதாவது, பாடம் சொல்லிக் கொடுத்தது. சீகன்பால்கும் 1708 நவம்பர்லேர்ந்து நாலு மாசம் டேனிஷ் கோட்டையில அடைபட்டுக் கிடந்தார்தான், அதை எல்லாப் புத்தகமும் சொல்லுது. ஆனா அவருக்கு ராஜா இருந்தார், ஹாலேயிலயும் கோபன்ஹேகன்லயும் கடுதாசி படிச்சு உருகுற கூட்டம் இருந்துச்சு. அழகப்பனுக்கு யாரு?

ஆனாலும் அவர் திரும்பி வந்தார். 1712லேர்ந்து 1714 வரைக்கும் தமிழர்கள்கிட்ட கேள்வி அனுப்பி பதில் கடுதாசி வாங்கி, அதை ஜெர்மன்ல ஆக்கி அனுப்பினாங்க பாதிரிமார். சாமி, சாதி, கல்யாணம், மருந்து, கிரகம்னு எல்லாமே அதுல இருக்கு. மொத்தம் 99 கடுதாசி, 1714லயும் 1717லயும் ஹாலேயில அச்சாச்சு. அந்தக் காலத்துத் தமிழ் ஆளுங்க தங்களைப் பத்தித் தாங்களே சொன்னது அது. எழுதினவங்க பேரு பெரும்பாலும் இல்லாமத்தான் அச்சாச்சு. அதுல நிறையக் கடுதாசிக்குப் பின்னால அழகப்பன் கை இருக்குங்கிறாங்க ஆராய்ச்சி பண்றவங்க. விலங்கு மாட்டினதுக்கு அப்புறமும் அந்த மனுஷன் விளக்கிக்கிட்டேதான் இருந்திருக்கார்.

சீகன்பால்கு 1714 கடைசியில ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். போறவழியில கப்பல்லயே தமிழுக்கு லத்தீன்ல ஒரு இலக்கணம் எழுதினார். ‘கிராமாட்டிகா தமுலிகா’, 1716ல ஹாலேயில வெளியாச்சு. வினைச்சொல் இப்படி மாறும், வேற்றுமை இப்படி ஒட்டும்னு நமக்கே கை வராத விஷயத்தை லத்தீன் தெரிஞ்சவனுக்கு விளக்குற புத்தகம். அந்தக் கப்பல்ல அவர் தனியா போகலை. தரங்கம்பாடிப் பள்ளியில படிச்ச மலையப்பன்ங்கிற தமிழ்ப் பையனும் கூடப் போனார். பாதிரிமார் பதிவுல ‘பீட்டர் மலையப்பன்’. மாசக்கணக்கா கடல்ல, பக்கத்துல உக்காந்து ‘இது சரி, இது தப்பு’ன்னு சொல்ல ஒரு தமிழ்க் காது. அந்த இலக்கணத்தோட அட்டையில சீகன்பால்கு பேரு மட்டும்தான்.

டென்மார்க், ஜெர்மனி, இங்கிலாந்துன்னு சுத்திட்டு 1716 ஆகஸ்ட்ல ரெண்டு பேரும் சென்னைக் கரையில இறங்கினாங்க. அக்கா பொண்ணுகிட்ட இதைச் சொன்னப்போ, அவ சீகன்பால்கைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. "மலையப்பனுக்கு அங்க ராத்திரி எத்தனை மணிக்கு மாமா சோறு போட்டாங்க?"ன்னு கேட்டா.